ஐந்தாவது செம்பருத்தி

கும்பகோணத்தில் என் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை காலைகளில் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாளில் ஒன்றும் சொல்லாமல் ஒரு தாளைக் கொடுத்து, விருப்பம்போல் ஒரு படம் வரையச் சொல்வது என் வழக்கம். பெரும்பாலானவர்கள் ஒரே படத்தைத்தான் வரைவார்கள்: இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதி எழுந்த சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வளைந்து அகலமாகிக்கொண்டே வரும் ஓர் ஆறு, கரையில் ஒரு குடிசை, குடிசைக்குப் பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் டிக் போட்டது போல் நான்கைந்து பறவைகள். எங்கள் ஊரில் ஆறு உண்டு, தென்னை உண்டு, மலை மட்டும் கிடையாது. இருந்தும் அந்த மலை தலைமுறை தவறாமல் எழுந்து நிற்கிறது; நானும் அதை வரைந்தேன், என் அம்மாவும் வரைந்திருக்கிறார்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு படம் மனப்பாடமாகக் கையில் இருப்பது, வெள்ளைத் தாளைக் கண்டு மிரளாமல் தொடங்குவதற்குக் குழந்தைக்குத் துணையாக இருக்கிறது. ஆனால் ஏழு வயதில் வரைந்த மலையும் சூரியனும் பதினொரு வயதிலும் கோடு மாறாமல் அப்படியே வருகின்றன என்றால், இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அந்தப் பிள்ளையிடம் அதன் படத்தைப் பற்றி யாரும் உருப்படியாக ஒரு வார்த்தை பேசவில்லை என்றுதான் பொருள். ‘நல்லா இருக்கு’ என்று சொல்லியிருப்பார்கள், அல்லது ஓரத்தில் ஒரு டிக் போட்டுத் தேதியுடன் கையெழுத்திட்டிருப்பார்கள். வரைந்ததை மறுபடியும் வரையலாம் என்பதையும், அப்படி வரையும்போது படம் வேறொன்றாகும் என்பதையும் அந்தப் பிள்ளை பார்த்தே இருக்காது.

எனக்கு அதைக் காட்டிய ஓர் ஆசிரியர் இருந்தார். ஆனால் அவர் காட்டிய விதம் என்னைப் பல காலம் முடக்கிப் போட்டது. ஐந்தாம் வகுப்பில் நான் வரைந்த மயிலைக் கையில் வாங்கி, கழுத்தை முழுவதும் அழித்துவிட்டு, தன் பென்சிலால் ஒரே வீச்சில் வளைத்து வரைந்து, கண்ணும் கொண்டையும் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். மயிலுக்கு உயிர் வந்துவிட்டது. பள்ளி ஆண்டு விழாவில் அது சுவரில் தொங்கியது. பிறகு அப்பா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் அந்தக் கழுத்தைத்தான் புகழ்ந்தார்கள். அது என்னுடைய கழுத்து இல்லை என்பது அந்த ஆசிரியருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அடுத்த மயிலை வரைய எனக்கு நெடுநாள் துணிவு வரவில்லை, ஏனென்றால் அந்த வளைவு அவருடைய கைக்குத் தெரிந்திருந்ததே தவிர என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

இவ்வளவையும் அனுபவித்த நானே, கவின் கலைக் கல்லூரியில் படித்து முடித்து ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆறு ஆண்டுகள் அதே காரியத்தைத்தான் செய்தேன். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது நிமிட வகுப்பு. பெற்றோர் பார்க்க வரும் கண்காட்சிக்குப் படங்கள் ‘பார்க்கும்படி’ இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிடுவார்கள். நான் வரிசையாக மேசை மேசையாகப் போய், இங்கே ஒரு மூக்கு, அங்கே ஒரு நிழல் என்று தொட்டுக் கொடுத்துக்கொண்டே நகர்வேன். கண்காட்சியில் எல்லாப் படங்களிலும் ஒரே மூக்கு இருந்ததை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் அது உறுத்தியது.

அந்தப் பள்ளியை விட்டு வந்த பிறகுதான், அமெரிக்க ஆசிரியர்கள் பலரும் எடுத்துக்காட்டும் வண்ணத்துப்பூச்சிப் படங்களைப் பார்த்தேன். ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் முதல் வகுப்பில் படித்த ஆஸ்டின் என்ற சிறுவன், புலி வரி கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் நிழற்படத்தைப் பார்த்து வரைந்தவை அவை. முதல் படம், எந்த ஊரிலும் எந்த ஆறு வயதுப் பிள்ளையும் வரையக்கூடிய வண்ணத்துப்பூச்சி. ஆறாவது, கடைசிப் படம், இயற்கைநூல் ஒன்றில் அச்சிடத்தக்க அளவுக்குத் துல்லியமானது. இடையில் நடந்தது இவ்வளவுதான்: வகுப்புப் பிள்ளைகள் நிழற்படத்தையும் அவனுடைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்கே வேறுபடுகிறது என்று சொன்னார்கள், அவன் போய் மறுபடியும் வரைந்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூரின் அரசுப் பள்ளியில் 25 ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவரும், உடன் தச்சு வேலையும் செய்துவந்தவருமான ரான் பெர்கர், இந்தப் படங்களை ஊர் ஊராக எடுத்துச் சென்று சிறு பிள்ளைகளிடம் காட்டிப் பேசியதால்தான் அவை உலகம் முழுவதும் பரவின.

இந்தப் படங்களைக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விடாமுயற்சியைப் பற்றிப் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. விடாமுயற்சியோடு அதே மலையையும் சூரியனையும் ஆறு முறை வரைய முடியும். என்னை நிறுத்தியவை வேறு இரண்டு செய்திகள். ஒன்று, அந்தச் சிறுவனின் தாளில் பெரியவர் ஒருவரின் கோடும் இல்லை. மற்றொன்று, பிள்ளைகள் கருத்துச் சொன்ன வரிசை: முதலில் இறக்கையின் உருவத்தை மட்டும் பேசினார்கள், உருவம் சரியான பிறகுதான் இறக்கைக்குள் இருக்கும் கோலத்துக்குப் போனார்கள், வண்ணம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. நான் ஆறு ஆண்டுகளாக ஒரே படத்தில் ஒரே மூச்சில் ஏழு குறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

வண்ணத்துப்பூச்சி என் திண்ணைக்கு வந்து உட்காராது, நிழற்படத்தைப் பார்த்து வரைவதில் எனக்கு அவ்வளவு விருப்பமும் இல்லை. கொல்லையில் ஒரு சிவப்புச் செம்பருத்தி இருந்தது. அதில் ஒரு பூவை இலையோடு பறித்து, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்து, எட்டு வயது முதல் பதினொரு வயது வரையிலான ஒன்பது பிள்ளைகளை அதைச் சுற்றி உட்கார வைத்தேன். ரப்பர் கிடையாது என்று சொன்னதும் பெரிய முணுமுணுப்பு எழுந்தது. கோணலாகப் போன கோட்டை அழித்துவிட்டால் அடுத்த வாரம் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று கேட்டேன். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் வரைந்தார்கள். மூன்று நிமிடங்களில் பாதிப் பேர் முடித்துவிட்டார்கள்.

அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் படங்கள் ஐந்தும் என்னிடம் பிரதிகளாக இருக்கின்றன என்பதால் அவளைப் பற்றியே சொல்கிறேன். அவளுடைய முதல் படத்தில் நடுவே ஒரு வட்டம், வட்டத்தைச் சுற்றி ஐந்து முட்டை வடிவ இதழ்கள், கீழே அளவுகோல் வைத்ததுபோல் நேரான காம்பு, காம்பின் இரு பக்கமும் தராசுத் தட்டுகள்போல் இரண்டு இலைகள். பூ ஒரு கை தூரத்தில் இருந்தது. அவள் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. “இந்தப் பூவை எத்தனை தடவ பார்த்த?” என்று கேட்டேன். “செம்பருத்திதானே மிஸ், எனக்குத் தெரியும்” என்றாள். இந்த ஒரு பதிலுக்குள் என் வேலை முழுவதும் அடங்கியிருந்தது.

அன்று நான் எந்தக் குறையும் சொல்லவில்லை. எல்லாப் படங்களையும் கொடியில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டு, பூவை அவற்றின் முன்னே பிடித்துக்கொண்டு, உருவத்தை மட்டும் பேசலாம் என்றேன். ‘சூப்பர்’, ‘நல்லா இருக்கு’, ‘அசிங்கமா இருக்கு’ ஆகிய மூன்றையும் சொல்லக் கூடாது என்பது விதி. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் பிள்ளைகளிடம் சொல்வதற்கு ஒன்றுமே மிஞ்சவில்லை என்பது முதல் பத்து நிமிடங்களில் தெரிந்தது. திண்ணையில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு ஒரு பையன் மெதுவாக, “இதழ் வெளிப்பக்கம் அகலமா இருக்கு, உள்ள போகப் போகக் குறுகிடுது. விசிறி மாதிரி. ஆனா இவ முட்டை மாதிரி போட்டிருக்கா” என்றான். இன்னொருத்தி, “பூவுல இதழ் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கு. படத்துல எல்லாம் தனித்தனியா நிக்குது” என்றாள். சிறுமி எழுந்து வந்து பூவை முதன்முறையாக உற்றுப் பார்த்தாள்.

பெர்கர் தம் வகுப்புகளில் வைத்திருந்த நிபந்தனைகள் மூன்று: சொல்வது கனிவாக இருக்க வேண்டும், குறிப்பாக இருக்க வேண்டும், கேட்பவருக்கு உதவ வேண்டும். இவற்றுள் நம் பிள்ளைகளுக்குக் கடினமானது கனிவு என்றுதான் நான் முதலில் எண்ணினேன். உண்மையில் கடினமாக இருந்தது இரண்டாவது. கனிவை அவர்கள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் அடுத்து தொங்கப்போவது தங்கள் படம் என்பது அவர்களுக்குத் தெரியும். குறிப்பாகச் சொல்வதற்கு முதலில் பார்க்க வேண்டும், பார்த்ததற்கு ஒரு சொல் தேட வேண்டும், அந்தச் சொல் வரைந்தவரின் கண்ணைத் திரும்பவும் பூவுக்குக் கொண்டுபோக வேண்டும். ‘இலை சரியில்லை’ என்று சொன்னால் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கிறது. ‘இலையின் ஓரத்தில் பல் பல்லாக இருக்கிறதே, அந்தப் பற்கள் காம்பு வரைக்கும் வருகின்றனவா, பாதியிலேயே நின்றுவிடுகின்றனவா?’ என்று கேட்டால் அது இலையைப் பார்க்கிறது. காம்பை ஒட்டிய பகுதி வழவழப்பாக இருப்பதைத் தானே கண்டுபிடிக்கிறது. ஒரு கருத்து நல்லதா கெட்டதா என்று அறிய எனக்கு இப்போது வேறு சோதனையே தேவையில்லை. அதைக் கேட்டவுடன் பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது வாரம் ஒரு சிக்கல் வந்தது. செம்பருத்தி ஒரு நாள் பூ. காலையில் விரிந்தது மாலையில் சுருண்டுவிடும். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிய பூதான் டம்ளரில் இருக்கும். போன வாரப் பூ இப்படி இல்லை, அதனால்தான் என் படம் மாறிவிட்டது என்று பிள்ளைகள் வாதாடினார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஒருமுறை ஒரு பையன் பெருமையோடு தன் வீட்டிலிருந்து அடுக்குச் செம்பருத்தியைப் பறித்து வந்து டம்ளரில் வைத்துவிட்டான். அன்றைய வகுப்பு இதழ் எண்ணுவதிலேயே முடிந்தது.

சிறுமியின் இரண்டாவது படத்தில் இதழ்கள் விசிறிகளாயின, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் செய்தன. ஆனால் முதல் இதழ் இரண்டாவதன்மேல், இரண்டாவது மூன்றாவதன்மேல் என்று சுற்றி வந்து ஐந்தாவதை அடைந்தபோது, அதை என்ன செய்வது என்று தெரியாமல் இரு பக்கமும் மேலே இருக்கும்படி வைத்துவிட்டாள். பூவில் அப்படி இல்லை. ஒவ்வோர் இதழும் ஒரு பக்கத்தில் அடுத்ததை மூடுகிறது, மறு பக்கத்தில் முந்தையதால் மூடப்படுகிறது. ஐந்தாவது இதழ் முதலாவதை மூட வேண்டும், நான்காவதற்கு அடியிலும் போக வேண்டும். மேல்நிலை வகுப்புத் தாவரவியலில் இதற்குத் திருகு இதழமைவு என்று பெயர். நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டு பூவைப் பார்ப்பதை நிறுத்தியிருப்பார்கள். பழைய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, பசைநாடா இல்லாமல் நான்கு மடிப்புகளையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் செருகி மூடச் சொன்னேன். கடைசி மடிப்பைச் செருகும்போது முதல் மடிப்பைச் சற்றுத் தூக்க வேண்டியிருக்கும் என்பதைக் கை உணர்ந்த மறுகணம், அவள் “ஓ” என்றாள். சிவப்புத் தாளில் ஐந்து இதழ்களை வெட்டி அதேபோல் செருகிப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவது படத்துக்குப் போனாள்.

மூன்றாவது படத்தில் உருவம் வந்துவிட்டது. நடுவிலிருந்து நீளும் தண்டு மட்டும் தீக்குச்சியாக இருந்தது. அந்த வாரம் உள்ளே இருப்பதை மட்டும் பேசினோம். தண்டு இதழ்களைத் தாண்டி வெளியே நீள்கிறது, நேராக நிற்காமல் சற்று வளைகிறது, மஞ்சள் பொட்டுகள் தண்டு முழுவதும் இல்லாமல் மேற்பாதியைச் சுற்றியே இருக்கின்றன, நுனி ஐந்தாகப் பிரிந்து ஒவ்வொன்றின் முனையிலும் சிவந்த வெல்வெட் புள்ளி ஒன்று இருக்கிறது. இவ்வளவையும் பிள்ளைகளே சொன்னார்கள், நான் ஒரு பூதக்கண்ணாடியை மட்டும் கொடுத்தேன். நான்காவது படத்துக்கு அவளுக்குப் பட்டர் பேப்பர் கொடுத்தேன். மூன்றாவது படத்தின் இதழ்களை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி அப்படியே எடுத்துக்கொண்டு, தண்டை மட்டும் புதிதாக வரையலாம் என்றேன். ‘டிரேஸ் பண்றது தப்பு’ என்று வகுப்பில் எதிர்ப்பு எழுந்தது. பிறர் படத்தைப் படியெடுப்பதுதான் தவறு. தன் கையால் உழைத்துச் சரிசெய்த கோட்டைத் தானே அடுத்த தாளுக்குக் கொண்டுபோவதில் ஒரு தவறும் இல்லை என்பது என் கட்சி. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து வரை என்று சொல்வது எட்டு வயதுப் பிள்ளைக்குத் தண்டனையாகவே படும்.

வண்ணம் ஐந்தாவது தாளில். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெழுகு வண்ணத்தில் வெளிரிலிருந்து அடர்வுக்குப் போக வேண்டும் என்பதையும், சிவப்பு எல்லா இடத்திலும் ஒரே சிவப்பாக இல்லை என்பதையும் தவிர நான் எதுவும் சொன்னதாக நினைவில்லை. பூவின் தொண்டைப் பகுதி இருண்டிருப்பதையும், அங்கிருந்து நரம்புகள் விசிறிக் காம்புகள்போல் வெளியே ஓடுவதையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

படங்களுக்கு மதிப்பெண் போடுங்கள் என்று பெற்றோர்களிடமிருந்து வந்த வேண்டுகோளை நான் ஏற்கவில்லை. இதற்கு என் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் ரூத் பட்லர் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வு கல்வியாளர்களிடையே நன்கு அறியப்பட்டது. ஒரு பகுதியினருக்கு எழுத்தில் கருத்து மட்டும், இன்னொரு பகுதியினருக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாம் பகுதியினருக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்து மட்டும் பெற்றவர்களே அடுத்த வேலையில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையாமல் இருந்தார்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே ஆனார்கள். எண்ணைக் கண்டதும் பக்கத்திலிருந்த எழுத்து அவர்களுக்குப் பயன்படாமல் போயிற்று. என் திண்ணையில் இதைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. பள்ளி நோட்டில் பத்துக்கு ஏழு வாங்கி வந்த பிள்ளையிடம் ‘மூன்று எங்கே போயிற்று?’ என்று கேட்டால், படத்தைத் திறந்து பார்க்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எட்டு என்று சொல்கிறது.

மறுவரைவு என்பது தோற்றவன் செய்யும் வேலை என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஊறிப்போயிருக்கிறது. பள்ளியில் ‘இம்போசிஷன்’ எழுதி எழுதி வந்த எண்ணம் அது. அதைக் கலைக்க நான் எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை, சுவாமிமலை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு சிற்பக் கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துப் பதப்படுத்திய மெழுகில் நடராசரின் கை ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு பிரித்து, சிற்பி அந்த விரல்களை அளந்தார், சூடான கத்தியால் தொட்டார், மீண்டும் அளந்தார், திருப்தியில்லாமல் ஒரு விரலை எடுத்துவிட்டு வேறொன்று உருட்டினார். மெழுகு உரு முடிந்த பின்புதான் அதன்மேல் காவிரி வண்டல் பூசப்படும், சூட்டில் மெழுகு உருகி வெளியேறும், அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். வார்த்த பிறகும் உளி வேலை உண்டு என்றாலும், வளைவு தவறாக விழுந்துவிட்டால் உளியால் மீட்க முடியாது. ஆகவே தவறெல்லாம் மெழுகிலேயே நடந்து முடிந்துவிட வேண்டும். இவ்வளவு பெரிய சிற்பியே விரலை எடுத்துவிட்டு மறுபடி செய்கிறாரே என்று ஒரு பையன் திரும்பி வரும் பேருந்தில் கேட்டான். அதற்குப் பிறகு அவர்கள் தங்கள் நடுப்படிகளை ‘மெழுகு’ என்றே அழைக்கத் தொடங்கினார்கள். ‘இது மூணாவது மெழுகு மிஸ்.’

இனி, நான் சொதப்பியதையும் சொல்லிவிடுகிறேன். செம்பருத்தியில் கிடைத்த வெற்றி தலைக்கேறி, எல்லாப் படத்துக்கும் இதே முறைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் சாரங்கபாணி கோயில் தேரோட்டம் பார்த்துவிட்டு வந்து ஒரு தேர் வரைந்திருந்தான். தேர் தாளை விட்டு மேலே போய்விட்டது. அதற்காக இன்னொரு தாளை ஒட்டியிருந்தான். வடம் பிடிப்பவர்கள் எறும்புகள்போல் சிறிதாக, அவனுடைய தாத்தா மட்டும் தேர்ச் சக்கரத்தின் அளவுக்குப் பெரிதாக, தோளில் அவனைச் சுமந்துகொண்டு நின்றார். நான் அந்தப் படத்தைக் கொடியில் தொங்கவிட்டு, தேரின் நிழற்படத்தைப் பக்கத்தில் வைத்தேன். பிள்ளைகள் கற்றுக்கொண்டபடியே கனிவாகவும் குறிப்பாகவும் பேசினார்கள். தாத்தா தேரைவிடச் சின்னவராக இருக்க வேண்டும், சக்கரம் வட்டமாக இல்லை, கலசம் தாளுக்குள் அடங்க வேண்டும். மூன்றாவது படியில் தேர் அளவாக இருந்தது, தாத்தா அளவாக இருந்தார், பையனுக்கு அதில் அக்கறையே போய்விட்டது. முதல் படம் எங்கே என்று கேட்டேன், கிழித்துப்போட்டதாகச் சொன்னான்.

வியன்னாவில் 1897-இல் சிறார் ஓவிய வகுப்பைத் தொடங்கிய பிரான்ஸ் சிஷெக், குழந்தையின் படத்தில் பெரியவர்கள் தலையிடவே கூடாது, அது தன் விதிப்படி தானே வளரும் என்று நம்பியவர். கல்லூரியில் இதைப் படித்தபோது சோம்பேறி ஆசிரியர்களுக்கு வசதியான கொள்கை என்று நான் சிரித்திருக்கிறேன். தேர் கிழிந்த அன்று அவரைப் பற்றி வேறுவிதமாக நினைத்துப் பார்த்தேன். முழுக்க ஒப்புக்கொள்ள இப்போதும் முடியவில்லை. தலையிடாமல் விட்டால் தானாக வளர்வது மலையும் சூரியனும்தான் என்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். ஆனால் அந்தத் தேர் கண்ணால் பார்த்ததை வரைந்த படமில்லை, தாத்தாவின் தோளில் உட்கார்ந்திருந்ததை வரைந்த படம். அதற்கு நிழற்படத்தை அளவுகோலாக வைத்தது என் மடமை. அன்று முதல் ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன, ஒன்று பார்த்து வரைவதற்கு, மற்றொன்று நினைத்து வரைவதற்கு. இரண்டாவது நோட்டு கொடிக்குப் போகாது. அதைக் காட்ட வருகிற பிள்ளையிடம் ‘இது யார்?’, ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று மட்டும் கேட்பேன். சில சமயம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே பிள்ளை தானாக ஒரு பென்சிலை எடுத்து எதையாவது சேர்க்கும். அதுவும் திருத்தம்தான், ஆனால் அதற்கு நான் காரணமில்லை.

பெற்றோர் எல்லோருக்கும் இந்த முறை பிடித்துவிடவில்லை. ஐந்து வாரமாக ஒரே பூவா என்று ஒரு தந்தை நேரடியாகவே கேட்டார். அவருக்கு வேண்டியது போட்டிக்குப் போகக்கூடிய, இரண்டு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய, மனப்பாடமான ஒரு படம். அரசுப் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டு முதல் நடக்கும் கலைத் திருவிழா உட்பட, ஓவியப் போட்டி எதுவும் பிள்ளைக்கு இரண்டாவது தாளைத் தருவதில்லை என்பது உண்மைதான். கொடுத்த நேரத்துக்குள் ஒரே தாளில் முடித்தாக வேண்டும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் பிள்ளையை வேறிடத்தில் சேர்த்துவிட்டார். அந்தப் பையனுடைய இரண்டு மெழுகுகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.

சென்ற மாதம் புதிதாக ஒரு குழு செம்பருத்தி தொடங்கியது. மூன்றாவது வாரம் ஒரு பையனின் படத்தைப் பார்த்து, எல்லோரும் இதழ்கள் தவறான பக்கம் ஏறியிருக்கின்றன என்று சொன்னார்கள். அவர்கள் கையிலிருந்த பூவில் இதழ்களின் வலது ஓரம் மேலே இருந்தது. அவன் படத்தில் இடது ஓரம் மேலே. “என் பூ அப்படித்தான் இருந்துச்சு” என்று அவன் மூக்கு விடைக்கச் சொன்னான். அவன் வரைந்த பூ போன வாரமே வாடிப் போய்விட்டது. நானும் அவன் அவசரத்தில் புரட்டிப் போட்டிருப்பான் என்றே நினைத்தேன், ஆனாலும் தீர்ப்புச் சொல்ல வேண்டாமென்று எல்லோரையும் கொல்லைக்கு அனுப்பினேன். கால் மணி நேரம் கழித்து ஒரே கூச்சல். ஒரே செடியில் சில பூக்கள் வலமாகவும் சில பூக்கள் இடமாகவும் திருகியிருந்தன. இருபது ஆண்டுகளாகச் செம்பருத்தி வரைகிறவள் நான், அந்தச் செடியை நட்டவளும் நான்தான். ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை. வழக்கமாகக் கருத்தைக் கேட்டுக்கொண்டு மறுபடி வரையப் போகும் பையன் அன்று தன் படத்தை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டான், பின்பக்கத்தில் ‘இடப் பூ’ என்று மட்டும் எழுதினான். மற்றவர்கள் தங்கள் படங்களின் பின்னால் ‘வலப் பூ’ என்று எழுதிக்கொண்டார்கள்.

வெண்டைப்பூவும் இப்படித்தான் திருகியிருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். அரசலாற்றங்கரைப் பூவரசிலும் பார்க்க வேண்டும் என்று இன்னொருவன் சொன்னான். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேர் டிபன் டப்பாவில் பூவரசம்பூ கொண்டுவந்தார்கள். அன்று காலையில் பறித்தவனுடைய பூ மஞ்சளாக இருந்தது, முந்தைய மாலையில் பறித்தவளுடையது ஊதாச் சிவப்பாக மாறியிருந்தது. எந்த வண்ணம் சரி என்று இருவரும் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். வண்ணத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது, முதலில் உருவத்தை வரையுங்கள் என்று சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்துக் கொடுத்தேன்.